நடுவில் நிற்பவனுக்குக் கை கிடையாது

பிரிக்பீல்ட்ஸில் இருதயத்தைத் தெரியாதவர்கள்கூட அவருடைய காதுகளைத் தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டும் பாகற்காய் வற்றல் மாதிரி சுருங்கி மடிந்து தலையோடு ஒட்டிக் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் தீ விபத்தா என்று கேட்பார்கள். "ரக்பி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அலட்டல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அலட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா ரயில் எஞ்சினில் கரி தள்ளியவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பத்தொன்பது வயதில் சிக்னல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் இருதயம். நம்மவர்கள் அந்தக் காலத்தில் பந்து என்றால் காலால் உதைப்பதுதான் என்று நினைத்திருந்தார்கள். ரக்பி என்பது துரைமார்களும் ராணுவக்காரர்களும் சேற்றில் கட்டிப் புரளும் ஒரு வேடிக்கை. ரயில்காரர்களும் ஒரு ரக்பி அணி வைத்திருந்தார்கள். 1968-ல் ஒரு சனிக்கிழமை அந்த அணியில் ஓர் ஆள் குறைய, குட்டையாகவும் கட்டையாகவும் இருந்த இருதயத்தை வேலி ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார்கள். ஆறே வருஷத்தில் அவர் சிலாங்கூர் மாநில அணிக்கு ஆடினார்.

ரக்பியில் மற்றதெல்லாம் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஸ்க்ரம் என்றால் என்னவென்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். குனிந்து, தோளோடு தோள் பின்னி, எதிரியின் தோளுக்குள் தலையைச் செருகித் தள்ளுவார்கள். இரண்டு கும்பலுக்கும் நடுவே பந்தை உருட்டிவிடுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் ஹூக்கர். பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுப்பது அவன் வேலை. அவனுடைய வலது கை ஒருத்தன் தோள் மேல், இடது கை இன்னொருத்தன் தோள் மேல். கும்பல் சரிந்தால் மற்றவர்கள் கையை ஊன்றிக்கொள்ளலாம். அவனுக்கு ஊன்றக் கை கிடையாது. தலைதான் முதலில் தரைக்குப் போகும்.

இருதயம் பதினோரு வருஷம் ஹூக்கராக நின்றவர். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1979-ல் முழங்கால் போயிற்று. ஆட முடியாதவன் என்ன செய்வான்? ஆடச் சொல்வான். அடுத்த வருஷமே பெட்டாலிங் ஜெயாவில் பயிற்சியாளர்களுக்கு ஆறு வார வகுப்பு நடந்தது. நடத்த வந்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர், பெயர் கெதின். சுரங்க ஊர்க்காரர், தன் நாட்டுக்கு ஆடியவர், இருதயத்தைப் போலவே கால் போன பிறகு பயிற்சியாளர் ஆனவர். காதும் அதே லட்சணத்தில் இருந்ததால் இருவருக்கும் உடனே ஒட்டிக்கொண்டது. கெதின் மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். பின்னால் தள்ளப்படும் அணிகள் வேண்டுமென்றே ஸ்க்ரத்தைச் சரிப்பதுண்டு. ரெஃப்ரி தற்செயல் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்; அதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதைச் செய்யச் சொல்கிற பயிற்சியாளன், அடுத்தவன் கழுத்தை வைத்துச் சூதாடுகிறான் என்றார். கடைசிப் பரீட்சையில் அதுவே ஒரு கேள்வியாக வந்தது. இருதயம் முழு மதிப்பெண் வாங்கினார். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

கிள்ளானில் துறைமுகத் தொழிலாளர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். அதற்கு இருதயத்தைக் கூப்பிட்டார்கள். அணியில் பாதிக்கு மேல் தமிழர்கள். முன்வரிசை மூன்று பேரும் தமிழர்கள்தான்: லோரி ஓட்டும் பாலன், கிடங்கில் மூட்டை தூக்கும் தம்புசாமி, நடுவில் அம்புரோஸ். அம்புரோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுகிறவன். இருதயத்தின் ஒரே தங்கை மகதலேனாவின் கணவன். இருதயமே பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம். மச்சான் மச்சான் என்று அவன் இவருக்குப் பின்னால் சுற்றியதைப் பார்த்தால், பெண்ணைக் கட்டினானா பெண்ணின் அண்ணனைக் கட்டினானா என்று கேட்கத் தோன்றும். பாலனே ஒருநாள் கேட்டுவிட்டு அடி வாங்கினான்.

முழு மதிப்பெண் வாங்கிய இருதயம் அந்த மூன்று பேருக்கும் ஸ்க்ரத்தைச் சரிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு ஓர் உத்தரவும் வைத்தார். கோட்டோரத்திலிருந்து அவர் "உட்காரு" என்று தமிழில் கத்தினால் மூவரும் முழங்காலை மடக்க வேண்டும், பின்னால் நிற்கும் ஐந்து பேரும் தள்ளுவதை நிறுத்த வேண்டும். ரெஃப்ரி மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார், எதிரணிக்கும் புரியாது. இந்த ஊரில் வெளியில் யாருக்கும் கேட்காமல் ரகசியம் பேசத் தமிழ்தான் வசதி என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு வருஷத்தில் ஏழெட்டு முறை கத்தியிருப்பார். ஒவ்வொரு முறையும் மூவரும் சேற்றைத் துப்பிக்கொண்டு சிரித்தபடி எழுந்தார்கள்.

1983 ஆகஸ்ட். அரையிறுதி ஆட்டம், கிள்ளான் திடல். எதிரில் சுங்கை பூலோ பக்கமிருந்து வந்த ராணுவ முகாம் அணி. ஒவ்வொருத்தனும் அரிசி மூட்டை கனம். மத்தியானம் பெய்த மழையில் திடல் குழம்பிக் கிடந்தது. ஒன்பதுக்கு ஏழு என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். இன்னும் நாலு நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். இவர்கள் காக்க வேண்டிய கடைசிக் கோட்டுக்கு ஐந்து கஜத்தில் ஸ்க்ரம். ராணுவக்காரர்கள் தள்ளிய தள்ளில் கிள்ளான் கும்பல் அப்படியே வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது.

"உட்காரு! டேய், உட்காரு!"

முன்வரிசை மூவரும் உட்கார்ந்தார்கள். பின்னால் தள்ளிக்கொண்டிருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த மாதம்தான் அணிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அந்த உத்தரவைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர் இருதயம், மறந்துவிட்டார். அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பாலன் எழுந்தான், தம்புசாமி எழுந்தான். அம்புரோஸ் குப்புறக் கிடந்தான். இருதயம் நொண்டிக்கொண்டு ஓடிப்போய் மண்டியிட்டபோது, அவன் ஒரு பக்கக் கன்னம் சேற்றில் இருக்க, கண்ணைத் திறந்து பார்த்தான்.

"மச்சான், என் கை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மிச்ச நாலு நிமிஷத்தையும் ஆடினார்கள். கிள்ளான் ஜெயித்தது.

மகதலேனா டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவில் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டாள். அந்த இடத்தில் இருதயம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தல கீழ போயிடுச்சும்மா."

"ஏன் கீழ போச்சு? எப்பவும் நல்லாத்தானே ஆடுவாரு?"

"அவசரப்பட்டுட்டான். தலைய நிமித்தி உள்ள போயிருக்கணும்."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்கும். திரும்ப எடுக்கப் பதினோரு வருஷம் பிடித்தது.

லீக் கமிட்டி விசாரணை வைத்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. உள்ளே போவதற்கு முன் இருதயம் பாலனையும் தம்புசாமியையும் படிக்கட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் கத்துனது 'தள்ளு'ன்னு சொல்லுங்க. வேற ஒன்னும் தெரியாது. இல்லாட்டி டீமையே கலைச்சிடுவானுங்க லா."

"அம்புரோஸ் அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து சொன்னாருன்னா?" என்று கேட்டான் பாலன்.

"அவன் என் மாப்ள. அவன நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். தலையைத் தாழ்த்தி நுழைந்தது ஆட்டக்காரரின் சொந்தக் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். பயிற்சியாளர் என்ற இடத்தில் இருதயம் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி மகதலேனாவுக்கும் போயிற்று. அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அம்புரோஸுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. தோளை மட்டும் லேசாக அசைப்பான். கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டியிருந்த பலகை வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மகதலேனா அவனைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட்டாள், மலஜலம் எடுத்தாள். முகம் சுளிக்காமல் செய்தாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. முதுகு ஒடிய ஒடிய யாரையாவது ஏசத்தானே வேண்டும்? அறிக்கையில் ஒரே ஒரு ஆளின் பெயர்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம் தலைய நிமித்தியிருந்தா என்னங்க கெட்டுப் போயிருக்கும்? ஒரு நிமிஷம்! எத்தன வருஷமா ஆடுறீங்க, அந்தப் புத்திகூடவா இல்ல?"

காலையில் ஒருமுறை, துணி அலசும்போது ஒருமுறை, சில நாள் சோறு ஊட்டும்போதும். பக்கத்து வீட்டு இராஜம்மாவுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இருதயம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போவார். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வார், நகம் வெட்டுவார், முதுகில் புண்ணுக்கு மருந்து போடுவார். ஒரு ஞாயிறுகூடத் தவறியது கிடையாது. அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கோவிலில் பேசிக்கொண்டார்கள். இருதயமும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார். சரிந்த ஸ்க்ரத்துக்கு மீன் வாங்கி ஈடு கட்டிவிடலாம் என்று ஒரு மனுஷன் நம்ப முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

அவருடைய வாழ்க்கை என்னவோ ஏறிக்கொண்டுதான் போயிற்று. 1985-ல் மாநில அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அதற்குப் பிறகு எந்த அணிக்கும் அவர் "உட்காரு" என்று கத்தவில்லை. தன் ஆட்கள் யாராவது ஸ்க்ரத்தைச் சரித்தால் அவரே திடலை விட்டு விரட்டினார். பாதுகாப்பு பார்த்து ஆடவைப்பவர் என்று நல்ல பெயர். 1990-ல் அவருடைய அணி கோப்பை வாங்கியது. தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு அரைப் பக்கம் வந்தது. மகதலேனா அதை வெட்டி, கஞ்சிப் பசை தடவி, கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டினாள். படுத்திருப்பவனுக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தாள். அம்புரோஸ் தலையை எவ்வளவு நேரம்தான் திருப்பி வைத்துக்கொண்டிருப்பான்?

தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். இருதயம் ஒவ்வொரு வருஷமும் முழந்தாளிட்டு, கெட்ட வார்த்தை பேசினது, பீர் குடித்தது, ஆட்டக்காரனை அறைந்தது என்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லிவிட்டு வருவார். 1991-ல் என்னவோ வாய் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதர் கேட்டார்:

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க. தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல, பாதர்."

"அத சொல்லுங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம். ஜெபமெல்லாம் அப்புறம் சொல்லலாம்."

சரி என்று எழுந்து வந்தார். அடுத்த தவக்காலத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாதருக்குப் பயந்துகொண்டு, பஸ் ஏறிப் பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு கோவிலுக்குப் போய், தன்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் இங்கிலீஷில் சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தார். பாவத்தை விட்டவன் உண்டு. பாவத்தைக் கேட்டவரை விட்டவர் இருதயம் ஒருவராகத்தான் இருக்கும்.

1993 கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு. இருதயம் அம்புரோஸுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மகதலேனாவின் குரல் வந்தது. எண்ணெய் தீர்ந்துபோனதில் தொடங்கி, கூரை ஒழுகலுக்குப் போய், கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. தலையை நிமிர்த்தியிருந்தால். அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"மச்சான்."

"சொல்லு மாப்ள."

"ஒரு தடவ அவகிட்ட சொல்லிடுங்களேன்."

இருதயத்தின் கையில் கத்தி அப்படியே நின்றது. பத்து வருஷத்தில் அம்புரோஸ் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவனுக்கு மறந்துபோயிற்று, இல்லையென்றால் மன்னித்துவிட்டான் என்று இரண்டில் ஒன்றை இவர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்கள ஏசணும்னு இல்ல மச்சான். விளையாட்டுல யாருக்கும் ஆகுறதுதான். ஆனா தெனமும் கேக்குறேன் பாருங்க... இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க கத்துனீங்களா, இல்ல நானா தலைய வுட்டேனான்னு. நீங்க கத்துனீங்கதானே?"

"கத்துனேன்."

"ஆங்." அம்புரோஸ் மூச்சை விட்டான். "அத அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

"சொல்றேன் மாப்ள. பெரிய வெள்ளிக்கு முன்னாடி சொல்லிடறேன்."

உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் பெரிய வெள்ளிக்கு முன்னால் மாநிலப் போட்டி வந்தது. பெரிய வெள்ளியன்று மகதலேனா பட்டினி கிடந்து களைத்திருந்தாள். உயிர்ப்பு ஞாயிறு நல்ல நாளாயிற்றே என்று விட்டார். அம்புரோஸ் ஒவ்வொரு ஞாயிறும் இவர் முகத்தைப் பார்ப்பான். இவர் சோப்பு நுரையைப் பார்ப்பார். மே மாதத்துக்குப் பிறகு அவன் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

ஜூன் மாதம் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூன்றே நாள். இருதயம் அணியோடு ஈப்போவில் இருந்தார். இராஜம்மா வீட்டுப் போனிலிருந்து சேதி வந்தபோது ஆட்டத்துக்கு இடைவேளை. ஆட்டம் முடியக் காத்திராமல் கிளம்பினார், ஆனால் அம்புரோஸ் காலையிலேயே போய்விட்டிருந்தான்; சேதிதான் தாமதமாகக் கிடைத்தது.

சவ அடக்கத்தன்று இருதயம் அழுததைப் போல வேறு யாரும் அழவில்லை. நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள். பாலனும் தம்புசாமியும் சவப்பெட்டியின் முன்புறத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். இரண்டு பேரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. எல்லாரும் போன பிறகு இராஜம்மா மட்டும் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகதலேனா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நல்ல மனுஷன்க்கா. ஒரு குடி இல்ல, ஒரு சூது இல்ல. ஒரே ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். தானே தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுகிட்டாரு."

இருதயம் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், கழற்றினார். இராஜம்மாவைப் போகச் சொன்னார். அவள் போனதும் காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கெதின் சொன்னதை, தான் கற்றுக்கொடுத்ததை, கத்தியதை, பின்வரிசைக்குச் சொல்ல மறந்ததை, படிக்கட்டில் பாலனிடம் பேசியதை, கையெழுத்தை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னார். கடைசியில், "அவன் தப்பு ஒன்னுமே இல்ல மகதலேனா. விழச் சொன்னது நான். அவன் நான் சொன்னத செஞ்சான்" என்றார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். செருப்பால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். பதினோரு வருஷம் ஓயாமல் ஏசிய அந்த வாய் அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. அவள் மெதுவாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவரு சொன்னாரு" என்றாள்.

"என்னது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மொத மாசமே சொன்னாரு. உங்கண்ணன்தான் உட்காரச் சொன்னாருன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். படுக்கையில கிடந்துகிட்டு எங்கண்ணன் மேலயா பழி போடுறீங்க, காயிதத்துல எழுதியிருக்கு பாருங்கன்னு அத அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். சோறு ஊட்டிகிட்டு இருந்தேன் அப்ப. தட்ட எடுத்துகிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஊட்டல. அவரும் கூப்பிடல. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச அவரு எடுக்கவே இல்ல."

"மகதலேனா, என்ன மன்னிச்சிடும்மா" என்று இருதயம் அவள் காலடியில் உட்காரப் போனார். முழங்கால் மடங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எங்கிட்ட கேட்டுட்டீங்க அண்ணே" என்றாள். "நான் யாருகிட்ட போயி கேக்குறது?"